எச்ஓ மாதிரி எஞ்சினுக்கு உதிரிபாகம் செய்வது எப்படி: விரிசல் விட்ட கியர் முதல் உடைந்த படி வரை

மாதிரி ரயில் எஞ்சின் ஒன்று நின்றுபோனால் பெரும்பாலும் மோட்டார் கெட்டிருக்காது. விரல் நுனியில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் பாகம்தான் போயிருக்கும். தயாரிப்பாளர் அந்த எஞ்சினை நிறுத்திப் பல வருடம் ஆகியிருக்கும், உதிரியும் கிடைக்காது. அப்படிப்பட்ட எஞ்சினை மறுபடி ஓடவைக்க நினைக்கும் புதியவர்களுக்காக இந்தக் கட்டுரை. எடுத்துக்கொண்டிருப்பது 1:87.1 அளவு, அதாவது எச்ஓ. உதாரணம் அமெரிக்காவின் இஎம்டி நிறுவனம் செய்த ஜிபி9 டீசல் எஞ்சின். 1954 முதல் 1963 வரை தயாரான இந்த எஞ்சினுக்குப் பல நிறுவனங்கள் மாதிரி செய்திருக்கின்றன. பழைய மாதிரிகளும் நிறையப் புழக்கத்தில் உள்ளன.

எதையும் வரையவோ வாங்கவோ போகும் முன் ஒரு கேள்வி: அந்தப் பாகம் விசையைத் தாங்குகிறதா, கண்ணுக்கு மட்டும்தானா? கியர், ஆக்சில், டிரைவ் ஷாஃப்ட், வார்ம் (திருகுபோலப் புரியுள்ள கியர்) எல்லாம் விசை தாங்குபவை. இவற்றைச் சரியாக அளந்து, பொருந்தும் கியரை வாங்கிப் போடுங்கள். வீட்டில் 3டி பிரிண்ட் செய்தால் நிலைக்காது. ஏறும் படி, ஹார்ன், பேட்டரி பெட்டி, போகியின் (எஞ்சினுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டம்) பக்கச்சட்டம், வண்டிகளை இணைக்கும் கப்ளரின் பெட்டி மூடி ஆகியவற்றைத் தாராளமாக நாமே செய்யலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் பிரிண்ட் செய்த கியர் சில மணி நேரத்தில் பல் உதிர்ந்தது என்று மனம் வெறுத்துப்போகிறார்கள்.

தேவையான கருவிகள்

0.01 மி.மீ. வரை காட்டும் டிஜிட்டல் காலிப்பர் முதல் தேவை. திரையில் 0.01 தெரிந்தாலும் மலிவான காலிப்பரின் உண்மையான துல்லியம் 0.02, 0.03 அளவில்தான் இருக்கும். அதனால் ஒரே இடத்தை மூன்று முறை அளந்து நடு எண்ணை எடுங்கள். 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 0.3 முதல் 2.5 மி.மீ. வரை டிரில் பிட்டுகள், அவற்றைப் பிடிக்கும் கைத்துளைப்பான், சிறிய மேசை வைஸ், ஊசி அரம் ஆகியவையும் வேண்டும். அமெரிக்க மாதிரி ரயில் ஆர்வலர் சங்கமான என்எம்ஆர்ஏவின் எச்ஓ அளவுத் தகடு ஒன்றையும் வாங்கிவிடுங்கள். சக்கர இடைவெளியைக் காலிப்பரால் அளப்பதைவிட அந்தத் தகட்டில் வைத்துப் பார்ப்பது நம்பகமானது. கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துக்கொண்டே போங்கள்.

விரிசல் விட்ட ஆக்சில் கியர்

எச்ஓ டீசல்களில் மிக அதிகமாக வரும் கோளாறு இதுதான். லைஃப்-லைக் நிறுவனத்தின் 1990-களின் ப்ரோட்டோ 2000 வரிசை எஞ்சின்களில் இது பரவலாகத் தெரிந்த ஒன்று. வேறு பல தயாரிப்புகளிலும் வரும். இரண்டு அரை ஆக்சில்கள் இரு பக்கமிருந்தும் ஒரு பிளாஸ்டிக் கியரின் குழாய்க்குள் அழுத்தி நுழைக்கப்பட்டிருக்கும். குழாய் எந்நேரமும் இழுவிசையில் இருக்கிறது. வருடங்கள் போகப்போக பிளாஸ்டிக் சுருங்கி, இரு பற்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் பிளந்துவிடுகிறது. ஓட்டாமல் பெட்டியிலேயே வைத்திருந்த எஞ்சினிலும் இது நடக்கும்.

கண்டுபிடிப்பது எளிது. ஜிபி9-இன் நிஜச் சக்கரம் 40 அங்குல விட்டம். எச்ஓவில் அது 11.66 மி.மீ., சுற்றளவு சுமார் 36.6 மி.மீ. எஞ்சினை நேர்ப்பாதையில் மிக மெதுவாக ஓட்டி, 'டக்' என்று குதிக்கும் இடங்களைத் தண்டவாளத்தின் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். குறிகளுக்கு இடையே மூன்றரை செ.மீ.க்குச் சற்று மேல் இருந்தால் குற்றவாளி ஆக்சில் கியர். அதைவிடப் பலமடங்கு நெருக்கமாகத் தட்டினால் வார்ம் அல்லது டிரைவ் ஷாஃப்ட் பக்கம் போங்கள். பாதை பிரியும் பாயிண்ட்களில் மட்டும் தடம் புரள்வதும் இதே நோயின் அறிகுறிதான். பிளந்த கியரின் பிடி தளர்ந்து சக்கரங்கள் நகர்ந்திருக்கும்.

இனி படிப்படியாக.

1. போகியின் அடிமூடியை நகத்தாலோ தட்டையான ஸ்க்ரூடிரைவராலோ மெல்ல நெம்பித் திறந்து சக்கர ஜோடியைத் தூக்கி எடுங்கள். ஆக்சிலில் மாட்டியிருக்கும் சிறு வெண்கல பேரிங்குகள் எந்தத் திசையில் உட்கார்ந்திருந்தன என்று படம் எடுக்க மறக்காதீர்கள். இவை உருண்டு ஓடித் தொலையும் பாகங்கள், எனவே விளிம்புள்ள தட்டுக்குள் வைத்து வேலை செய்யுங்கள்.

2. இரு சக்கரங்களையும் எதிரெதிராகத் திருகியபடி இழுங்கள். பிளந்த கியர் சுலபமாகக் கழன்றுவிடும். லென்ஸில் பள்ளங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். விரிசல் முடி அளவுதான் இருக்கும். ஒரு கியர் பிளந்திருந்தால் மற்ற மூன்றும் அதே வயதுதான். நான்கையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

3. அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள்: பற்களின் எண்ணிக்கை, வெளிவிட்டம், பல்லின் அகலம், குழாயின் மொத்த நீளம், உள்துளை, ஆக்சில் முனையின் விட்டம். பிளந்த கியரின் வெளிவிட்டம் விரிந்துபோய்ப் பெரிதாகக் காட்டும், அதனால் பிளக்காத கியர் இருந்தால் அதை அளங்கள்.

4. மாட்யூலைக் கணக்கிடுங்கள், அதாவது பல்லின் பருமனைச் சொல்லும் எண். வெளிவிட்டத்தைப் பற்களின் எண்ணிக்கையோடு 2 கூட்டிய எண்ணால் வகுத்தால் மாட்யூல் கிடைக்கும். 14 பல், 6.4 மி.மீ. என்றால் 6.4-ஐ 16-ஆல் வகுக்க 0.4.

நான்காவது படியில்தான் பலர் தடுமாறுகிறார்கள், அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம். பற்கள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருந்தால் ஒரு பல்லுக்கு நேர் எதிரே பள்ளம் வரும். காலிப்பர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். 13 பல் கியரில் இந்தக் குறை சுமார் 1.5 சதவீதம். 6.00 இருக்க வேண்டிய இடத்தில் 5.91 வரும், மாட்யூல் 0.394 என்று விழும். அங்குல முறையில் பல்லின் அளவை டிபி என்று சொல்வார்கள்; 64 டிபி கியரின் மாட்யூல் 0.397. ஆகவே 0.4 மாட்யூல் கியரை 64 டிபி என்று தவறாக முடிவுகட்ட வாய்ப்பு உண்டு. இந்த அளவில் இரண்டும் ஒன்றோடொன்று ஓடிவிடும் என்பதால் பெரிய நஷ்டமில்லை. 0.5 மாட்யூலும் 48 டிபியும் அப்படியல்ல. 48 டிபி என்பது 0.529, அவை சேராது, இறுகி நின்றுவிடும். இன்னொரு எச்சரிக்கை: பல் குறைந்த சிறிய கியர்களின் வெளிவிட்டத்தைத் தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே சற்றுப் பெரிதாக்குவது உண்டு. கணக்கு 0.42, 0.43 என்று இடையில் வந்து நின்றால் அந்த எண்ணை நம்பாதீர்கள். அதே வரிசையில் இருக்கும் வார்மின் புரியை அளந்து பாருங்கள். அடுத்தடுத்த புரிகளுக்கு இடையே உள்ள தூரத்தை 3.1416-ஆல் வகுத்தால் மாட்யூல். 0.4-க்கு அது 1.257 மி.மீ. நான்கு இடைவெளிகளைச் சேர்த்து அளந்து நான்கால் வகுத்தால் பிழை குறையும்.

ப்ரோட்டோ 2000-இன் நான்கு ஆக்சில் எஞ்சின்களுக்கு ஏதர்ன் நிறுவனத்தின் 60024 எண் கியரையே வெகுகாலமாக எல்லோரும் மாற்றாகப் போட்டு வருகிறார்கள். மற்ற எஞ்சின்களுக்கு மேலே சொன்ன அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு அசிட்டால் (வழுவழுப்பான ஒரு பிளாஸ்டிக்) அல்லது பித்தளை கியர் தேடுங்கள். வாங்கும் முன் அதே அளவில் ஒரு கியரை ரெசினில் (ஒளி பட்டால் இறுகும் திரவம்) பிரிண்ட் செய்து போகியில் வைத்துக் கையால் சுற்றிப் பார்ப்பது நல்ல பழக்கம். பிரிண்ட் கியருக்கு உள்ள உண்மையான பயன் இந்தச் சோதனைதான்.

5. புதிய கியரின் துளை ஆக்சிலைவிட 0.03 முதல் 0.05 மி.மீ. சிறிதாக இருந்தால் போதும். 0.08-க்கு மேல் சிறிதாக இருந்தால் அப்படியே அழுத்தாதீர்கள், பழைய விரிசல் கதைதான் திரும்பும். துளையைச் சரியான ரீமரால் கையால் திருகிப் பெரிதாக்குங்கள். ஆக்சில் முனையில் சொரசொரப்பான வரிகள் இருந்தால் அவற்றின் கூர்மையை மட்டும் நைஸ் அரத்தால் மழுக்குங்கள். அந்தக் கூர்தான் விரிசலுக்குத் தொடக்கப் புள்ளி.

6. வைஸின் தாடைகளுக்கு நடுவே சக்கரத்தை நேராக வைத்து மெதுவாக அழுத்துங்கள். சுத்தியலால் தட்ட வேண்டாம். முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். குழாய்க்குள் இரு ஆக்சில் முனைகளும் ஒன்றையொன்று தொடக் கூடாது. குறைந்தது அரை மி.மீ. இடைவெளி வேண்டும். இரு தண்டவாளங்களின் மின்சாரத்தையும் பிரித்து வைப்பது அந்தப் பிளாஸ்டிக் மட்டும்தான். தொட்டால் ஷார்ட் ஆகும். மல்டிமீட்டரில் இரு சக்கரங்களுக்கும் இடையே தொடர்பு இல்லை என்று பார்த்த பிறகே பாதையில் வையுங்கள்.

7. சக்கரங்களின் உட்புறங்களுக்கு இடையே 14.4 முதல் 14.5 மி.மீ. வரை இருக்கட்டும். கடைசித் தீர்ப்பு என்எம்ஆர்ஏ தகட்டுடையது. சக்கரத்தைச் சுற்றி நான்கு இடங்களில் வைத்துப் பாருங்கள். ஒரு இடத்தில் இறுகி ஒரு இடத்தில் தளர்ந்தால் சக்கரம் கோணலாக ஏறியிருக்கிறது.

பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்குக்குத் தீங்கு செய்யாத எண்ணெயைப் பேரிங்குக்கு ஒரு துளி, கியருக்கு மெல்லிய பூச்சாகக் கிரீஸ் போடுங்கள். முன்னும் பின்னும் தலா அரைமணி நேரம் சுமையில்லாமல் ஓட்டுங்கள். கேன் மோட்டார் உள்ள எஞ்சின் தனியாக ஓடும்போது 0.5 ஆம்பியரைத் தாண்டி இழுத்தால் எங்கோ இறுகுகிறது. போகிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தேடுங்கள்.

விரிசலை சூப்பர் குளூவால் ஒட்டிப் பிழைக்கவைக்க முயல வேண்டாம். இந்தக் கியர்கள் அசிட்டால் வகை வழுவழுப்பான பிளாஸ்டிக், அதில் பசை பிடிக்காது. பிடித்தாலும் உள்ளிருந்து ஆக்சில் அழுத்திக்கொண்டேதான் இருக்கும்.

உடைந்த படியை வரைந்து பிரிண்ட் செய்வது

ஜிபி9-இன் நான்கு மூலைகளிலும் உள்ள படிகள் எடுத்தவுடன் உடையும் இடம். மூன்று மூலையில் படி மிஞ்சியிருந்தால் ஒன்றை அளந்து வரைந்துவிடலாம். எதுவுமே இல்லையென்றால் நிஜ எஞ்சினின் அளவுகளுக்குப் போகவேண்டும். எச்ஓவில் நிஜத்தின் ஒரு அங்குலம் 0.29 மி.மீ. படத்திலிருந்து அளவெடுக்கும்போது எஞ்சினை வெகுதூரத்திலிருந்து ஜூம் செய்து நேர்ப்பக்கமாக எடுத்த படத்தையே தேர்ந்தெடுங்கள். அருகிலிருந்து எடுத்த படத்தில் ஓரங்கள் சாயும். படத்தின் அளவுகோலாக 40 அங்குலச் சக்கரத்தை வைத்துக்கொண்டு, போகியின் இரு ஆக்சில்களுக்கு இடையே உள்ள 9 அடியைக் கொண்டு சரிபாருங்கள். அது மாதிரியில் 31.5 மி.மீ. இரண்டும் ஒத்துவராத படத்தை ஒதுக்கிவிடுங்கள்.

இதே வழியில் இந்திய டபிள்யூடிஎம்-2 போன்ற டீசல் எஞ்சின்களுக்குப் பாகம் வரைபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நமது 1676 மி.மீ. அகலப்பாதை எச்ஓவில் 19.2 மி.மீ. ஆகும், கடையில் வாங்கும் தண்டவாளமோ 16.5. போகியின் பக்கச்சட்டத்தை நிஜ அகலத்திலேயே வைத்தால் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒவ்வொரு பக்கமும் சுமார் 1.4 மி.மீ. கூடுதல் சந்து தெரியும். சட்டத்தின் உட்புறத்தை அந்த அளவுக்குத் தடித்து வரைந்தால் மறைந்துவிடும்.

நிஜத்தை அப்படியே சுருக்கினால் பாகம் நிற்காது. அரை அங்குலத் தகடு எச்ஓவில் 0.15 மி.மீ., அதை எந்த வீட்டு பிரிண்டரும் உருப்படியாகத் தராது. படியின் தகட்டை 0.5 மி.மீ. தடிமனில் வரைந்து, கண்ணுக்குத் தெரியும் விளிம்பை மட்டும் உள்நோக்கிச் சரித்துவிடுங்கள். முன்னாலிருந்து பார்ப்பவருக்கு மெல்லிய தகடாகவே தெரியும். கைப்பிடிக் கம்பிகளை பிரிண்ட் செய்யாதீர்கள். அவை 0.3 அல்லது 0.4 மி.மீ. பாஸ்பர் பிரான்ஸ் கம்பியில்தான் அழகாகவும் உறுதியாகவும் வரும். வேண்டுமானால் கம்பியை ஒரே மாதிரி வளைக்கவும், துளைகளைச் சரியான இடத்தில் போடவும் ஒரு ஜிக் பிரிண்ட் செய்துகொள்ளுங்கள். அந்த ஜிக்குக்கு 0.4 மி.மீ. நாசில் உள்ள சாதாரண இழை பிரிண்டர் போதும். எஞ்சின் மேல் ஒட்டப்போகும் பாகத்துக்கு ரெசின் பிரிண்டர் வேண்டும்.

பொருத்தும் இடங்களில் விட வேண்டிய இடைவெளி: பசையால் ஒட்டும் இடத்தில் 0.1, நகரும் பாகங்களுக்கு நடுவே 0.15 முதல் 0.2, அழுத்தி மாட்டும் இடத்தில் 0.05 மி.மீ. பிரிண்ட் செய்த துளை வரைந்ததைவிடச் சிறுத்துத்தான் வரும். அதனால் சிறிதாகவே வரைந்து பிறகு டிரில் போடுங்கள். கப்ளர் பெட்டிக்கு அமெரிக்க மாதிரிகளில் 2-56 ஸ்க்ரூ வழக்கம். அதற்குப் புரி வெட்டும் துளை 1.78, தளர்வாக நுழையும் துளை 2.26 மி.மீ. நம் ஊரில் அது கைவசம் இல்லையென்றால் எம்2 ஸ்க்ரூவும் 1.6 துளையும் போதும். பெட்டியின் உயரத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து கப்ளரின் மையம் 9.92 மி.மீ., அதாவது 25/64 அங்குலம். சற்றுத் தாழ்ந்தாலே சரக்குப் பெட்டிகள் ஏற்றத்தில் கழன்றுகொள்ளக்கூடும்.

பிரிண்டில் அடுக்கின் உயரத்தை 0.03 முதல் 0.05-க்குள் வையுங்கள். பாகத்தை 30 முதல் 45 டிகிரி சாய்த்து, பிரிண்ட் ஆகும்போது பாகத்தைப் பிடித்து நிற்கும் தாங்கிகள் எல்லாம் எஞ்சினுக்குள் மறையும் பக்கத்தில் வருமாறு திருப்புங்கள். தட்டின் மேல் படுக்கவைத்தால் முதல் சில அடுக்குகள் பிதுங்கி விளிம்பு தடித்துவிடும், படி பொருந்தாது. ஒரே பிரிண்டில் ஆறு படிகளாவது போடுங்கள், செலவாகும் ரெசின் அற்பம். தாங்கி வெட்டும்போது ஒன்றிரண்டு உடைவது சகஜம்.

பிரிண்ட் முடிந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் இரண்டு கட்டமாகக் கழுவுங்கள். முதல் கிண்ணம் அழுக்கை எடுக்க, இரண்டாவது சுத்தமானது, தலா இரண்டு மூன்று நிமிடம். அதிக நேரம் ஊறினால் மெல்லிய பகுதி நெளியும். நன்றாக உலர்ந்த பின் வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்துத் தாங்கிகளைப் பிரித்தால் குழி விழாமல் வரும். கடைசியில்தான் 405 நானோமீட்டர் விளக்கில் சில நிமிடம் காயவைக்க வேண்டும். கூடுதலாகக் காயவைத்தால் உறுதி ஏறாது, உடைவதுதான் அதிகமாகும். காயாத ரெசின் தோலில் படவே கூடாது. ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பிறகு போகாது. நைட்ரைல் கையுறையும் திறந்த ஜன்னலும் கட்டாயம். துடைத்த தாளை வெயிலில் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பிருக்கும் அறையில் இந்த வேலை வேண்டாம்.

எஞ்சினின் பாடி ஸ்டைரீன் பிளாஸ்டிக்காக இருந்தாலும் ரெசின் பாகத்தை ஸ்டைரீன் சிமெண்டால் ஒட்ட முடியாது. இரு பக்கமும் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி சூப்பர் குளூ போடுங்கள். பெயின்ட் அடிக்கும் முன் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி, சாம்பல் நிறப் பிரைமரை மெல்லியதாக அடித்தால் அடுக்கு வரிகள் தெரியும். அங்கே மட்டும் 600 எண் தாளால் தேய்த்து மறுபடி பிரைமர்.

ஒன்று நன்றாக வந்தால், மற்றவற்றை வார்த்தெடுப்பது

போகியின் பக்கச்சட்டம் போல ஒரே பாகம் நான்கு வேண்டும், கையில் நல்லதாக ஒன்றுதான் இருக்கிறது என்றால் சிலிக்கான் மோல்டு எடுங்கள். ஒரு பக்கம் தட்டையான பாகத்தில் தொடங்குவது நல்லது. மூலப் பாகத்தைக் கண்ணாடித் துண்டின் மேல் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, சுற்றிலும் 10 மி.மீ. இடம் விட்டு பிளாஸ்டிக் கட்டைகளால் சுவர் கட்டுங்கள். எவ்வளவு சிலிக்கான் வேண்டும் என்பதற்கு அந்தப் பெட்டியில் அரிசியை நிரப்பி, பிறகு அளவுக் கோப்பையில் கொட்டிப் பாருங்கள்.

சிலிக்கான் வாங்கும்போது டின் வகையா பிளாட்டினம் வகையா என்று கேளுங்கள். புதியவர்களின் காசு அதிகம் வீணாகும் இடம் இது. பிளாட்டினம் சிலிக்கான், ரெசின் பிரிண்ட் மேலும் கந்தகம் உள்ள களிமண் மேலும் உறையாது. ஒரு வாரம் வைத்திருந்தாலும் தொடும் இடம் பிசுபிசுப்பாகவே இருக்கும். பிரிண்ட் செய்த மூலப் பாகத்துக்கு டின் வகையே பாதுகாப்பு. அந்த மோல்டு காலப்போக்கில் சற்றுச் சுருங்கும் என்பதால் தேவையானவற்றை முதல் சில வாரங்களில் எடுத்துவிடுங்கள்.

கலவை விகிதத்தை டப்பாவில் போட்டிருப்பதுபோல் எடையில் அளங்கள், கண்மதிப்பு ஆகாது. முதலில் தூரிகையால் பாகத்தின் நுணுக்கங்களில் பூசி, பிறகு பெட்டியின் ஒரு மூலையில் உயரத்திலிருந்து தேன் ஒழுகுவதுபோல மெல்லிய நூலாக ஊற்றுங்கள். குமிழிகள் அந்த நூலிலேயே உடைந்துவிடும். ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள்.

வார்ப்பதற்கு 1:1 விகிதத்தில் கலக்கும் பாலியூரத்தேன் ரெசின் வசதி. கலந்தபின் ஊற்ற இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். மோல்டுக்குள் டால்கம் பவுடரைத் தூவி, தட்டி உதறிவிட்டு ஊற்றினால் ரெசின் மூலைகளுக்குள் ஊர்ந்து போகும், குமிழிகள் குறையும். ஆழமான குழிகளில் குச்சியின் நுனியால் ரெசினைத் தொட்டு வைத்த பிறகு மீதியை நிரப்புங்கள். வழிந்ததைத் தட்டையான அட்டையால் வழித்து, மேலே பிளாஸ்டிக் தாள் வைத்து அழுத்தினால் பின்பக்கம் சமமாக வரும். அரைமணி நேரம் கழித்து வளைத்து எடுங்கள். மெல்லிய பாகம் தடித்ததைவிடத் தாமதமாக இறுகும், ஏனெனில் வினையின் சூடு அதில் தங்காது.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் பாலியூரத்தேனுக்குப் பெரிய எதிரி காற்றின் ஈரம். ஐசோசயனேட் உள்ள பாட்டில் ஈரத்தை உறிஞ்சினால் வினையில் கரியமில வாயு கிளம்பி, பாகம் நுரைத்துத் துளைத்துளையாக வரும். சிறிய பாட்டில்களாக வாங்குங்கள், மூடியை உடனே இறுக்குங்கள், சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். மழைக்காலத்தில் ஏசி அறையில் ஊற்றுவது நல்லது. கலக்கும் குச்சி மரமாக இருந்தால் அதிலும் ஈரம் இருக்கும், பிளாஸ்டிக் குச்சியைப் பயன்படுத்துங்கள்.

வார்த்த பக்கச்சட்டத்தைப் போகியில் மாட்டும் முன் சக்கரத்தைக் கையால் உருட்டிப் பாருங்கள். உட்புறம் எங்காவது உரசினால் அங்கே மட்டும் அரத்தால் எடுத்துவிட்டு, எஞ்சினை உங்கள் பாதையின் மிகக் குறுகிய வளைவில் இரு திசையிலும் ஓட்டுங்கள். புதிய படியில் போகி இடிக்கிறதா என்பதும் அந்த வளைவில்தான் தெரியும். இடித்தால் படியின் பின்பக்கத்தைத் தேய்த்து இடம் கொடுங்கள், போகியைத் தொடாதீர்கள்.